பழ மரத்தோட ஜீன்ல கை வைக்கலாமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ருசியான ஆப்பிளோட விதையை நட்டு மரமாக்கினா அதே ருசி ஏன் சார் வர மாட்டேங்குது?

பதில்: ஆப்பிள் பூ பெரும்பாலும் தன் மகரந்தத்தையே ஏத்துக்காது, வேற ரகத்தோட மகரந்தம் வந்தாதான் காய் பிடிக்கும். அதனால ஒவ்வொரு விதையும் சீட்டுக்கட்டைக் கலைச்சுப் போட்ட மாதிரி, எந்த ஜீன் எந்தப் பக்கத்துலேர்ந்து வரும்னே சொல்ல முடியாது. நல்ல ரகம் ஒண்ணு கிடைச்சா ஒட்டு கட்டித்தான் பெருக்குறாங்க. சில மா, ஆரஞ்சு வகைகள் மட்டும் விதிவிலக்கு, அதுல விதைக்குள்ள தாய் மரத்தோட திசுவுலேர்ந்தே கரு உருவாகும், அந்தக் கன்னு அச்சு அசலா தாய் மாதிரியே வரும்.

கேள்வி: ஒரு புது ரகம் வர்றதுக்கு இருபது முப்பது வருஷம் ஆகுதுன்னு சொல்றாங்களே, ஜெனெடிக்ஸ் தெரிஞ்சா சீக்கிரம் முடியுமா?

பதில்: முடியும், இப்பவே முடியுது. ஆப்பிள் கன்னு விதையிலேர்ந்து வளர்ந்து பூக்கவே அஞ்சு வருஷத்துக்கு மேல ஆகலாம், அதுவரைக்கும் பழம் எப்படி இருக்கும்னு தெரியாமலே ஆயிரக்கணக்கான கன்னுகளுக்கு நிலம் ஒதுக்கி தண்ணி ஊத்திட்டு இருக்கணும். இப்ப கன்னு சின்னதா இருக்கும்போதே ஒரு துண்டு இலையை எடுத்து டிஎன்ஏ டெஸ்ட் பண்ணி, நோய் எதிர்ப்பு ஜீன் இருக்கா, பழம் மொறுமொறுப்பா இருக்குமான்னு ஓரளவு பாத்துட்டு வேண்டாததை அப்பவே கழிச்சிடுறாங்க. மார்க்கர், அதாவது டிஎன்ஏ அடையாளம் வச்சுத் தேர்வு பண்றதுன்னு இதைச் சொல்வாங்க. ஜீனை வெட்டித் திருத்துற எடிட்டிங் அளவுக்கு இது நியூஸ்ல வர்றதில்ல, ஆனா இதுவரைக்கும் பழ மரத்துல நிஜமா வேலைக்கு ஆனது இதுதான்னு அடிச்சுச் சொல்வேன்.

இன்னொரு வழியும் இருக்கு. அமெரிக்க வேளாண் துறை ஆராய்ச்சியாளர்கள் பிளம் மரத்துல பாப்லர் மரத்தோட பூக்க வைக்கிற ஜீனைப் போட்டாங்க, ஒரு வருஷத்துக்குள்ளயே பூக்க ஆரம்பிச்சுது. அந்த வேகத்துல தலைமுறை தலைமுறையா கலப்பு பண்ணிட்டு, கடைசியில அந்த ஜீன் இல்லாத கன்னுகளை மட்டும் பொறுக்கி எடுத்துக்கலாம்.

கேள்வி: ஜீன் எடிட்டிங், ஜிஎம் (மரபணு மாற்றம்) ரெண்டும் ஒண்ணுதானே? பேரை மாத்தி விக்கிறாங்களா?

பதில்: ஒண்ணு இல்லைங்க. ஹவாய்ல பப்பாளித் தோட்டங்களை ரிங்ஸ்பாட் வைரஸ் அழிச்சிட்டு இருந்தப்ப, அந்த வைரஸோட மேலுறை ஜீனையே பப்பாளிக்குள்ள வச்சு ‘ரெயின்போ’ ரகத்தை 1998-ல விவசாயிகளுக்குக் கொடுத்தாங்க. அது ஜிஎம், வெளியிலேர்ந்து ஒரு ஜீன் உள்ள வருது. எடிட்டிங்ல மரத்துக்குள்ள ஏற்கெனவே இருக்குற ஜீனையே வெட்டித் திருத்துறாங்க. சிட்ரஸ் கேன்கர்னு ஒரு நோய் இருக்கு, அந்த பாக்டீரியா உள்ள வந்து மரத்தோட சொந்த ஜீன் ஒண்ணையே ஆன் பண்ணித்தான் இலையிலயும் காயிலயும் புண்ணை உண்டாக்குது. கிரேப்ஃப்ரூட்லயும் ஆரஞ்சுலயும் அந்த ஜீனை கிரிஸ்பர்ங்கிற ஜீன் வெட்டுற கருவி வச்சு திருத்திப் பாத்தாங்க, நோய் நல்லாவே குறைஞ்சுது.

பழ மரத்துக்கு இது ஏன் இவ்ளோ முக்கியம்னா, ஜனங்களுக்குப் பிடிச்ச ரகத்துல ஒரே ஒரு குறை இருந்தாலும் கலப்பு பண்ணித் திருத்த முடியாது, கலந்த உடனே அந்த ரகமே போயிடும், பேரும் ருசியும் எல்லாம் போயிடும், எடிட்டிங்ல ரகத்தை அப்படியே வச்சுக்கிட்டு அந்தக் குறையை மட்டும் தொட முடியும்.

ஆனா சிக்கலும் இங்கதான் இருக்கு. வெட்டுறதுக்காக உள்ள போட்ட காஸ்9 ஜீனை (வெட்டுற புரதத்தை உண்டாக்குற ஜீன் இது) அப்புறம் எடுக்கணும், நெல்லுன்னா அடுத்த தலைமுறையில பிரிச்சிடலாம், மரத்துல அதுக்குக் கலப்பு பண்ணினா மறுபடி ரகம் போச்சு. அதனால ஜீனா போடாம புரதமாவே செல்லுக்குள்ள அனுப்புறாங்க, ஆப்பிள், திராட்சை செல்கள்ல 2016-லயே அது நடந்துடுச்சு. அந்த ஒத்த செல்லை முழு மரமா வளர்த்து எடுக்குறதுதான் பல ரகங்கள்ல இன்னும் பெரிய தலைவலி. பணமும் ஆளும் அந்த டிஷ்யூ கல்ச்சர் வேலைக்கு அதிகமா போகணும்ங்கிறது என் அபிப்ராயம்.

கேள்வி: எடிட் பண்ண பழத்தைச் சாப்பிட பயமா இருக்கே?

பதில்: ‘ரியோ ரெட்’ங்கிற சிவப்பு கிரேப்ஃப்ரூட் கதிர்வீச்சு பட்டு ஜீன் மாறின மொட்டுலேர்ந்து வந்தது, 1984-ல அதை வெளியிட்டாங்க. அதுல எங்க எது மாறும்னு யாராலயும் முன்கூட்டியே சொல்ல முடியாது, எடிட்டிங்ல எங்க வெட்டணும்னு தெரிஞ்சே வெட்டுறாங்க. தப்பான இடத்துல வெட்டு விழுந்திருக்கான்னு முழு டிஎன்ஏவையும் படிச்சுப் பாக்கணும், ஒவ்வொரு ரகத்தையும் தனித்தனியா சோதிக்கணும், அதுல விட்டுக்கொடுக்கக் கூடாது.

கேள்வி: இனிமே பழைய ரகமும் காட்டு ரகமும் தேவையில்லன்னு ஆகிடாதா?

பதில்: நேர் எதிரா நடக்கும். எடிட் பண்ணணும்னா எந்த ஜீன் என்ன வேலை செய்யுதுன்னு தெரியணும், அதைக் காட்டிக் கொடுக்குறதே காட்டு மரங்கதான். ஆப்பிள்ல ஸ்கேப்ங்கிற பூஞ்சை நோயைத் தாங்குற ஜீன் ஒரு காட்டு வகையிலேர்ந்து வந்தது, அந்தக் கலப்பை 1914-ல ஆரம்பிச்சு ‘ப்ரிமா’ ரகம் வர 1970 ஆச்சு. கேவண்டிஷ்ங்கிற வாழை ரகத்துல பனாமா வாடல்ங்கிற பூஞ்சை நோயைத் தாங்குறதுக்கு ஆஸ்திரேலியாக்காரங்க காட்டு வாழையிலேர்ந்து ஒரு ஜீனை எடுத்துப் போட்டாங்க, 2024-ல அதுக்கு அனுமதியும் கிடைச்சுது. அந்தக் காட்டு வாழை அழிஞ்சு போயிருந்தா அந்த ஜீனை எங்க போய்த் தேடுறது?