லிஸ்பனில் அம்மாவோடு எங்கே தங்குவது?

கேள்வி: ஜூன் இரண்டாம் வாரம் அம்மாவோடு (வயது 68, மூட்டுவலி உண்டு) லிஸ்பன் போகிறோம். விசாவுக்கு இனிமேல்தான் விண்ணப்பிக்க வேண்டும். அல்ஃபாமா என்ற பழைய பகுதியில் மலிவாக ஒரு வீடு இருக்கிறது, இன்றே முழுப் பணமும் கட்டிவிடுங்கள் என்கிறார் ஏஜென்ட். கட்டலாமா? – வாசகி, கோவை

பதில்: கட்டாதீர்கள்.

அல்ஃபாமா அழகான இடம்தான். 1755 நிலநடுக்கத்தில் நகரின் பெரும்பகுதி இடிந்து விழுந்தபோது தப்பித்த பகுதி அது. அதனால்தான் சந்துகள் இன்றும் குறுகலாக, படிபடியாக ஏறுகின்றன. பல வீடுகளின் வாசலுக்கு டாக்சி வராது, லிஃப்டும் இருக்காது. நடைபாதையில் பதித்த சுண்ணாம்புக் கற்கள் தேய்ந்து வழுவழுவென்று இருக்கும். தூறல் விழுந்தால் இளவட்டங்களே வழுக்குவார்கள். அதோடு ஜூன் 12 இரவு புனித அந்தோனியார் திருவிழா. தெருவெல்லாம் மத்தி மீன் சுடும் புகையும் பாட்டும்தான், தூக்கத்தை மறந்துவிடுங்கள்.

அல்ஃபாமாதான் வேண்டும் என்றால் ஒரு வழி உண்டு. மலையடிவாரத்தில், ஆற்றை ஒட்டி, சான்டா அப்போலோனியா ரயில் நிலையத்துக்கும் ஃபாடோ இசை அருங்காட்சியகத்துக்கும் நடுவே சமதரை. மெட்ரோவும் அங்கே வருகிறது. ஆனால் ‘நிலையத்துக்கு அருகில்’ என்ற விளம்பர வரியை நம்ப வேண்டாம். வரைபடத்தில் நூறு மீட்டர் என்று காட்டும். அது முழுக்கப் படிக்கட்டாக இருக்கலாம். முகவரி வாங்கி, கூகுள் ஸ்ட்ரீட் வியூவில் வாசல் வரை ‘நடந்து’ பாருங்கள். வீடு எத்தனையாவது மாடி என்றும் கேளுங்கள்.

உங்களுக்கு என் தேர்வு பைஷா. நிலநடுக்கத்துக்குப் பிறகு பொம்பால் பிரபு நேர்நேர் தெருக்களாகக் கட்டவைத்த சமதரைப் பகுதி. அங்கே வாடகை கட்டுப்படியாகாவிட்டால் சல்தான்யா. விமான நிலையத்திலிருந்து சிவப்பு மெட்ரோவில் நேராக வந்துவிடலாம். பைரோ ஆல்டோ வேண்டாம், இரவெல்லாம் பார் சத்தம். மலைமேல் இருக்கும் சாவோ ஜார்ஜ் கோட்டைக்கு 737 பஸ் ஏறுகிறது. புகழ்பெற்ற 28ஆம் எண் டிராமில் நெரிசலும் பிக்பாக்கெட்டும் அதிகம்.

இனி ஏஜென்ட் விஷயம். ஷெங்கன் விசாவுக்கு (போர்ச்சுகல் உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகளுக்கான பொது விசா) தங்குமிட ஆதாரம் காட்டினால் போதும். இலவசமாக ரத்து செய்யக்கூடிய ஹோட்டல் புக்கிங்கே போதுமானது. விசா மறுக்கப்பட்டால் 90 யூரோ கட்டணம் திரும்பி வராது, அதோடு வீட்டுப் பணமும் ஏன் போக வேண்டும்? சில ஏஜென்டுகள் போலி புக்கிங் போட்டு, விண்ணப்பம் போனதும் ரத்து செய்துவிடுவார்கள். தூதரகம் விசாரித்தால் மாட்டுவது உங்கள் பெயர், ஏஜென்ட் பெயர் அல்ல. இவர்கள் பிழைப்பதே விசா அப்பாயின்ட்மென்ட் முறையின் லட்சணத்தால்தான். தளத்தில் திறக்கும் ஸ்லாட் கண்ணிமைப்பதற்குள் காணாமல் போகும். அப்புறம் கூடுதல் பணத்துக்கு ஏஜென்டிடம் கிடைக்கும்! இதைக் கேட்பாரே இல்லை. ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம், அதனால் இப்போதே தேதி தேடுங்கள்.

வாடகை வீடுதான் என்றால் ‘அலோஜமெந்தோ லோக்கல்’ (சுற்றுலா வாடகை வீடுகளுக்கான) பதிவு எண் கேளுங்கள். அது இல்லாத வீடு வேண்டாம். நகர வரி தலைக்கு இரவுக்கு 4 யூரோ, தனியாகக் கட்ட நேரலாம். மீதிப் பணத்தை விசா கைக்கு வந்த பிறகு கட்டுங்கள்.