கேமரா கேள்வி பதில்: பின்வரிசை ஏன் மங்குகிறது?

கேள்வி: கல்யாண வீட்டில் 50 மி.மீ. லென்ஸில் குடும்பப் படம் எடுத்தேன். உட்கார்ந்திருப்பவர்கள் பளிச்சென்று இருக்கிறார்கள். பின்னால் நிற்கும் தாய்மாமன் முகம் மங்கல். லென்ஸ் கோளாறா?
– திண்டுக்கல் வாசகர்

பதில்: லென்ஸ் மேல் பழி வேண்டாம். அநேகமாக லென்ஸின் துளையை எஃப்/1.8-லேயே (எண் சிறிதானால் துளை பெரிது) வைத்து எடுத்திருப்பீர்கள். ஃபோகஸ் வைத்த இடத்துக்கு முன்னும் பின்னும் எவ்வளவு தூரம் தெளிவாக விழுகிறதோ, அதுதான் டெப்த் ஆஃப் ஃபீல்ட். ஏபிஎஸ்-சி எனும் நடுத்தர அளவு சென்சார் உள்ள கேமராவில், 4 மீட்டர் தள்ளி நின்று முன்வரிசையில் ஃபோகஸ் வைத்தால், எஃப்/1.8-ல் பின்பக்கம் கிடைப்பது சுமார் 23 செ.மீ. நாற்காலி முதுகுக்குப் பின்னால் நிற்பவர் முகம் அதைத் தாண்டிவிடும். அதே இடத்தில் எஃப்/5.6 வைத்தால் பின்பக்கம் 80 செ.மீ. வரை தெளிவு. மாமா தப்பித்துவிடுவார்.

ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. எஃப்/1.8-லிருந்து எஃப்/5.6-க்குப் போனால் உள்ளே வரும் வெளிச்சம் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகிவிடும். அதை ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தில் ஈடுகட்டப் பார்த்து 1/30 நொடிக்கு இறக்கினால், யாராவது தலையைத் திருப்பிக் காரியத்தைக் கெடுப்பார்கள். ஷட்டர் 1/125-க்குக் கீழே போகாமல் ஐஎஸ்ஓவை (சென்சார் வெளிச்சத்தை உணரும் அளவை) ஏற்றுங்கள். 3200 வந்தாலும் பரவாயில்லை. புள்ளி புள்ளியாக வரும் படத்தை பிறகு ஓரளவு சரிசெய்யலாம், அசைந்த முகத்தை முடியாது. பின்வரிசைக்காரர்களை நாற்காலியை ஒட்டி நிற்கச் சொல்லுங்கள். செலவில்லாத வழி அதுதான், யாரும் செய்வதில்லை!

ஒருவரை மட்டும் 1.5 மீட்டரில் எடுக்கும்போது எஃப்/1.8-ல் மொத்தத் தெளிவே 6 செ.மீ.தான். முகம் லேசாகத் திரும்பினாலே ஒரு கண் மங்கிவிடும். கேமராவுக்குப் பக்கத்துக் கண்ணில் ஃபோகஸ் வையுங்கள், எஃப்/2.8 போதும்.

கேள்வி: குற்றாலத்தில் அருவியைப் பஞ்சு மாதிரி எடுக்க ஷட்டரை 1 நொடி வைத்தேன். படம் முழுக்க வெள்ளை.
– தென்காசி வாசகி

பதில்: பகல் வெயிலில் ஐஎஸ்ஓ 100, எஃப்/11 என்றால் ஷட்டர் 1/200 பக்கம்தான் வரும். 1 நொடி என்பது அதைப்போல் 200 மடங்கு வெளிச்சம். எஃப்/22-க்கு மூடினாலும் நான்கில் ஒரு பங்காகத்தான் குறையும். அதோடு அவ்வளவு சின்னத் துளையில் ஒளி விளிம்பில் வளைந்து பரவிப் பாறையின் கூர்மையும் போகும். லென்ஸ் முன்னால் மாட்டி வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி ஃபில்டர் வாங்குங்கள். வெளிச்சத்தை 64-ல் ஒரு பங்காக்கும் என்டி64 மாட்டினால் 1/200 என்பது 1/3 நொடியாகிவிடும். அருவி வேகமாக விழுவதால் பஞ்சுக்கு அதுவே போதும். 1 நொடிக்கு மேல் போனால் நீரின் கோடுகள்கூட அழிந்து வெறும் வெள்ளைத் துணி போலாகிவிடும் (எனக்கு அது பிடிக்காது). மேகம் மூடிய சாரல் நாளில் இன்னும் சுலபம்.

ட்ரைபாட் கட்டாயம். ஷட்டர் பட்டனை விரலால் அழுத்தும் அசைவே படத்தைக் கெடுக்கும், அதனால் 2 நொடி டைமர் வையுங்கள். சாரல் லென்ஸில் பட்டுக்கொண்டே இருக்கும். நான்கு படத்துக்கு ஒரு தடவை துடைக்காவிட்டால் நடுவில் வட்டம் வட்டமாகக் கறை தெரியும்.

கேள்வி: பள்ளி விளையாட்டு விழாவில் ஓடும் பிள்ளைகளின் கால் மட்டும் கலங்கி வருகிறது.
– ஈரோடு வாசகர்

பதில்: ஆட்டோவில் விட்டால் கேமரா 1/125-ஐத் தேர்ந்தெடுக்கலாம், உடம்பை அது பிடிக்கும், வீசும் காலைப் பிடிக்காது. ஷட்டர் வேகத்தை நாமே வைக்கும் மோடுக்கு (கேனனில் Tv, நிக்கானில் S) மாற்றி 1/1000 வையுங்கள். நேராக உங்களை நோக்கி ஓடிவந்தால் 1/500 போதும், குறுக்கே ஓடும்போதுதான் அசைவு அதிகம் தெரியும்.

கேள்வி: மண்டபத்து எல்இடி விளக்கில் படத்தில் கறுப்புப் பட்டைகள் விழுகின்றன.
– மதுரை வாசகர்

பதில்: நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், மலிவான எல்இடி நொடிக்கு 100 முறை மினுக்கும். ஷட்டரை 1/100 அல்லது 1/50-ல் வையுங்கள், பட்டை மறையும். சைலன்ட் ஷட்டர் போட்டிருந்தால் அதையும் அணைத்துவிடுங்கள்.