22 நாள் கணக்கை நம்பி வேலையை விடலாமா?

கேள்வி: ஜாகீர் அம்மாபாளையம் ஐடி பார்க்கில் நாலே முக்கால் வருடமாக சாஃப்ட்வேர் வேலை பார்க்கிறேன். சம்பளம் 50,000 ரூபாய். அதில் அடிப்படை 25,000. நிறுவனத்தின் பி.எஃப். பங்கு தனி. இப்போது வேறொரு நிறுவனம் வீட்டிலிருந்தே செய்யும்படி ஒப்பந்த வேலை தருகிறது. நாளுக்கு 3,000. "மாதம் 22 நாள், 66,000 வரும்" என்கிறார்கள். போகலாமா?
– வாசகி, அழகாபுரம், சேலம்

பதில்: அந்த 66,000-ஐ 12-ஆல் பெருக்கிவிடாதீர்கள். வருடத்தில் சனி, ஞாயிறு போக வேலை நாள் 261. பண்டிகைக்கு 10, சொந்த விடுப்புக்கு 15, காய்ச்சல் தலைவலிக்கு 6 என்று கழியுங்கள். ஒரு ஒப்பந்தம் முடிந்து அடுத்தது கிடைக்கும்வரை சும்மா இருக்கும் நாட்களையும் சேர்க்க வேண்டும். இதைத்தான் பலர் மறக்கிறார்கள். அதற்கு 30 வைத்தால் மிஞ்சுவது 200 நாள். 200 × 3,000 = 6 லட்சம். நீங்கள் இப்போது வாங்குவதும் அதே 6 லட்சம்தான்!

அதோடு, நிறுவனம் கட்டும் பி.எஃப். பங்கு, அடிப்படையில் 12 சதவீதம் என்றால், வருடத்துக்கு 36,000 ரூபாய். அது நின்றுவிடும். மருத்துவக் காப்பீடு, லேப்டாப், கரண்ட் போனால் யூபிஎஸ், இரண்டாவது இணைய இணைப்பு எல்லாம் உங்கள் கைக்காசு. 70,000 ரூபாய் லேப்டாப் மூன்று வருடம் உழைத்தாலே வருடத்துக்கு 23,000 ஆகிறது. ஆகவே நாளுக்கு 3,000 என்பது உங்களுக்குக் கட்டாது. 4,000 கேளுங்கள், அதற்குக் கீழே இறங்க வேண்டாம்.

பில் தொகையில் பொதுவாக 10 சதவீதம் டிடிஎஸ் (முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி) பிடிப்பார்கள். இந்த வருமானத்துக்குப் புதிய வரிமுறையில் வரி வராது, பிடித்தது திரும்பிவிடும். ஆனால் ரிட்டர்ன் தாக்கல் செய்த பிறகுதான் வரும். அதுவரை மாதாமாதம் கை கடிக்கும். ஜிஎஸ்டி பற்றி இப்போதைக்குக் கவலை வேண்டாம், சேவைக்குப் பதிவு வரம்பு வருடத்துக்கு 20 லட்சம்.

ஐந்து வருடம் வேலை பார்த்தவர் விலகும்போது நிறுவனம் தரும் பணிக்கொடையான கிராஜுவிட்டியைக் கோட்டைவிட வேண்டாம். மாதத்துக்கு 26 நாள் என்று வைத்து, வருடத்துக்கு 15 நாள் அடிப்படைச் சம்பளம் வீதம் 25,000 × 15 ÷ 26 × 5 போட்டால் சுமார் 72,000 ரூபாய். ஐந்தாம் வருடத்தில் 240 நாள் வேலை செய்திருந்தாலே போதும் என்று சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு உண்டு. இருந்தும் சில நிறுவனங்கள் இழுத்தடிக்கும். மூன்று மாதம் பொறுத்து, ஐந்து முழுசாக முடிந்ததும் ராஜினாமா கொடுத்தால் அந்த வம்பே இல்லை. வீட்டுக்கடன் வாங்கும் எண்ணம் இருந்தால் அதையும் சம்பளச் சீட்டு கையில் இருக்கும்போதே முடித்துவிடுங்கள். சொந்தத் தொழில் என்றால் வங்கி குறைந்தது இரண்டு வருட ரிட்டர்ன் கேட்கும்.

ஒப்பந்தத்தில் 'காலை 9 முதல் மாலை 6 வரை ஆன்லைனில் இருக்க வேண்டும், வேறு யாருக்கும் வேலை செய்யக் கூடாது' என்ற வரி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது பி.எஃப்., விடுப்பு இல்லாத சம்பள வேலை. 4,000 கொடுத்தாலும் வேண்டாம் என்போம்.

கேள்வி: ஏற்காட்டில் இருந்து டிசைன் வேலை செய்து தருகிறேன். பில் கொடுத்து 70 நாள் ஆகியும் பணம் வரவில்லை. என்ன செய்வது?
– வாசகர், ஏற்காடு

பதில்: வேலையை ஏற்கும் முன்பே உத்யம் (சிறு, குறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) பதிவு செய்திருந்தீர்களா? அப்படியானால் எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தந்தாக வேண்டும். எழுத்து ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி கேட்கலாம். முதலில் இதைக் குறிப்பிட்டு மின்னஞ்சல் அனுப்புங்கள். அதற்கும் அசையாவிட்டால் மத்திய அரசின் சிறு, குறு தொழில் அமைச்சக இணையதளத்தில் புகார் கொடுங்கள். பில், வேலை உத்தரவு, வேலையை ஒப்படைத்த மின்னஞ்சல் மூன்றும் கையில் இருக்கட்டும். உத்யம் பதிவு இல்லையென்றால் இன்றே செய்யுங்கள், கட்டணம் கிடையாது. அது இந்தப் பழைய பில்லுக்கு உதவாது. அடுத்த வேலைக்கு உதவும். அந்த வேலையில் 40 சதவீத முன்பணம் வாங்காமல் தொடங்காதீர்கள். மூல ஃபைலை முழுப் பணம் வந்த பிறகே கொடுங்கள்.