1979 மக்கா முற்றுகைக்குப் பிறகு சவூதி ஏன் இன்னும் இறுகியது?

கிளர்ச்சியை நசுக்கிய அரசே கிளர்ச்சிக்காரர்கள் கேட்ட, மார்க்கக் கட்டுப்பாட்டை இறுக்கும் திசையில் ஏன் நடந்தது என்று கேட்டிருக்கிறீர்கள். முற்றுகை நீடித்த அந்த இரண்டு வாரங்களுக்குள்ளேயே பதில் இருக்கிறது.

1979 நவம்பர் 20, இஸ்லாமிய நாட்காட்டியான ஹிஜ்ரியில் 1400-இன் முதல் நாள். மக்கா பெரிய பள்ளிவாசலில் ஃபஜ்ர் எனும் அதிகாலைத் தொழுகை முடிந்த நேரம். ஜனாஸா (இறந்தவர்களுக்கான) தொழுகைக்கென்று கொண்டுவந்த சந்தூக்குகளுக்குள் (சவப்பெட்டிகளுக்குள்) இருந்தவை துப்பாக்கிகள். தலைமை தாங்கிய ஜுஹைமான் அல் உதைபி, தேசியக் காவல்படையில் பணியாற்றியவர். தன் மைத்துனரையே மஹ்தி, அதாவது இறுதிக் காலத்தில் வருவார் என நம்பப்படும் வழிகாட்டி, என்று அறிவித்தார். தொழ வந்த அப்பாவிகள் உள்ளே சிக்கிக்கொண்டார்கள். அதை நினைத்தால் இன்றும் நெஞ்சு பதறுகிறது.

ஹரம் எனும் அந்தப் புனித வளாகத்துக்குள் ஆயுதம் ஏந்துவது மார்க்கத்தில் விலக்கப்பட்டது. அதனால் மன்னர் காலித், படையை அனுப்ப உலமாக்களிடம் (மார்க்க அறிஞர்களிடம்) ஃபத்வா எனும் மார்க்கத் தீர்ப்பு கேட்க வேண்டியிருந்தது. கேட்டது கிடைத்தது, ஆனால் அரசு அவர்களுக்குக் கடன்பட்டுப்போனது. அதே ஆண்டு ஈரானில் மன்னராட்சியைக் கவிழ்த்த புரட்சியும் மன்னர் குடும்பத்தை மிரட்டியது.

1980 ஜனவரியில் பிடிபட்ட கிளர்ச்சிக்காரர்களில் 63 பேருக்கு மரண தண்டனை. அதன் பிறகு கல்வியிலும் ஒழுக்கக் காவலிலும் உலமாக்களின் கை ஓங்கியது. விலை கொடுத்தவர்கள் பெரும்பாலும் பெண்கள் என்பதே என் கருத்து. அவர்கள் கார் ஓட்ட 2018 ஜூன் வரை காத்திருந்தார்கள்.