கால்வாயில் தண்ணீர் வற்றினால் சமையல் வகுப்புக்குக் கட்டிய பணம் போச்சா?

கோவையிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், மனைவிக்குச் சமையல் என்றால் உயிர். வரும் ஆகஸ்டில் பிரான்சின் பர்கண்டி பக்கம், கால்வாயில் போகும் பார்ஜ் படகில் ஆறு இரவு தங்கிச் சமையல் கற்கும் சுற்றுலா போகலாம் என்று இருவருக்கும் ஆசை. ஏஜென்ட், வெள்ளிக்கிழமைக்குள் முழுப் பணத்தையும் கட்டுங்கள் என்கிறாராம். ஒப்பந்தத்தில் பொடி எழுத்தில், "கால்வாய் மூடப்பட்டால் படகு ஒரே இடத்தில் நிறுத்தப்படலாம், பணம் திருப்பித் தரப்பட மாட்டாது" என்று ஒரு வரி இருக்கிறது. "கால்வாயை உண்மையிலேயே மூடுவார்களா, மூடினால் எங்கள் பணம் போய்விடுமா?" என்று கேட்கிறார். மனைவி முட்டை சாப்பிடுகிற சைவம் என்றும் கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறார்.

மூடுவார்கள் ஐயா. அதுவும் நீங்கள் தேர்ந்தெடுத்திருக்கிற ஆகஸ்டில்தான் அந்த ஆபத்து அதிகம். பணம் போகுமா போகாதா என்பது, ஒப்பந்தத்தில் எந்த நிறுவனம் பயணத்தை நடத்துவதாகக் கையெழுத்துப் போடுகிறது என்பதைப் பொறுத்தது. தண்ணீரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன்.

பர்கண்டி கால்வாய் 242 கிலோமீட்டர் நீளம், 189 லாக். லாக் என்பது இரண்டு பக்கமும் கதவு வைத்த ஒரு தொட்டி. படகு உள்ளே நுழைந்ததும் கதவைச் சாத்தித் தண்ணீரை ஏற்றியோ இறக்கியோ அடுத்த மட்டத்துக்கு அனுப்புவார்கள். இந்தக் கால்வாய் ஒரு மேட்டைத் தாண்டிப் போகிறது, அதன் உச்சி புயீ-ஆன்-ஓக்ஸுவா என்ற சிற்றூரில் கடல் மட்டத்திலிருந்து 378 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உச்சியில் ஆறு கிடையாது. கிரோபுவா, பாந்தியே, செர்சே மாதிரியான நீர்த்தேக்கங்களில் குளிர்காலத்தில் சேர்த்து வைத்த தண்ணீர்தான் கோடை முழுக்க இரண்டு பக்கமும் இறங்க வேண்டும். ஒரு லாக் சுமார் 39 மீட்டர் நீளம், 5 மீட்டருக்குச் சற்றே கூடுதல் அகலம், இரண்டரை மீட்டர் ஏற்ற இறக்கம் என்று வைத்துக்கொண்டால் ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் ஐந்து லட்சம் லிட்டர் கீழே போகிறது. மழை பொய்த்த வருஷத்தில் ஜூலை கடைசியில் தேக்கத்தில் என்ன மிஞ்சும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். 2022 கோடை வறட்சியில் பிரான்சில் பல கால்வாய்ப் பகுதிகளை மூடினார்கள்.

முதலில் ஒரு படகுக்காக மட்டும் லாக்கைத் திறப்பதை நிறுத்திவிட்டு, இரண்டு மூன்று சேரும் வரை காக்க வைப்பார்கள். அப்புறம் ஆழத்தைக் குறைத்து அறிவிப்பார்கள், பெரிய படகுகள் அங்கேயே தரை தட்ட ஆரம்பிக்கும். கடைசியில் உச்சிப் பகுதியை அடைத்துவிடுவார்கள். இதையெல்லாம் நிர்வகிப்பது விஎன்எஃப் என்ற அரசு நீர்வழி நிறுவனம். அவர்கள் போடும் அறிவிப்பு அப்படியே பிரெஞ்சில், படகோட்டிகளுக்கான சுருக்கெழுத்தில், பல சமயம் கடைசி நேரத்தில் வருகிறது. ஊர் ஊராக லட்சக்கணக்கில் பணம் கட்டி வருகிற சுற்றுலாக்காரர்களை நம்பித்தான் இன்று இந்தக் கால்வாய்களில் பாதி உயிர் இருக்கிறது. அவர்களுக்குப் புரிகிற மொழியில் நான்கு வரி எழுதிப் போட என்ன தடை என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அதனால் தேதியை மாற்ற முடிந்தால் மே நடுவிலிருந்து ஜூன் கடைசிக்குள் வைத்துக்கொள்ளுங்கள். தேக்கம் பெரும்பாலும் நிறைந்திருக்கும், சந்தையில் வெள்ளை ஆஸ்பராகஸும் ஸ்ட்ராபெர்ரியும் இருக்கும்.

சரி, பணத்துக்கு வருவோம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2015-இல் பேக்கேஜ் சுற்றுலாவுக்கென்று ஒரு விதி வந்தது. தங்குமிடம், பயணம், வகுப்பு எல்லாம் சேர்த்து ஒரே விலையில் விற்றால் அது பேக்கேஜ். கிளம்புவதற்கு முன் அதன் முக்கியமான அம்சம் ஒன்றைப் பெரிதாக மாற்ற வேண்டி வந்தால், நடத்துபவர் உங்களிடம் சொல்ல வேண்டும், நீங்கள் வேண்டாம் என்று விலகிக்கொள்ளலாம், கட்டிய முழுத் தொகையும் 14 நாளுக்குள் திரும்ப வர வேண்டும். ஓடும் படகு என்று விற்றுவிட்டு நிற்கும் படகைக் கொடுப்பது பெரிய மாற்றம்தான் என்பது என் உறுதியான கருத்து. அந்த உரிமையைப் பறிக்கும் பொடி எழுத்து வரி ஒப்பந்தத்தில் இருந்தாலும் உங்களைக் கட்டுப்படுத்தாது.

இதில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது, பலபேர் தடுக்கி விழும் இடம் அதுதான், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். நான் சொன்னது கிளம்புவதற்கு முன் தெரிந்துவிட்ட மூடலுக்கு. நீங்கள் ஞாயிற்றுக்கிழமை படகில் ஏறிவிட்டீர்கள், திங்கள் நன்றாக ஓடியது, செவ்வாய் சாயங்காலம் வாந்தெனெஸ் என்ற ஊரில், எதிர் மேட்டில் ஷாத்தோநஃப் கோட்டை தெரிகிற அந்த அழகான துறையில் கட்டி நிறுத்தியபோது, நாளை முதல் லாக் திறக்காது என்று செய்தி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது முழுப் பணம் கேட்க முடியாது. நடத்துபவர் கூடுதல் காசு வாங்காமல் மாற்று ஏற்பாடு செய்ய வேண்டும், அதாவது படகு அங்கேயே நிற்க, வேனில் சந்தைக்கும் திராட்சைத் தோட்டத்துக்கும் கூட்டிப்போய் வகுப்பையும் நடத்த வேண்டும். அந்த மாற்று, சொன்னதைவிடக் குறைவாக இருந்தால் விலையில் ஒரு பகுதியைக் குறைத்துத் திருப்பித் தர வேண்டும். ஆனால் வறட்சி யார் கையிலும் இல்லாத விஷயம், அதனால் மன உளைச்சலுக்கு நஷ்ட ஈடு என்று தனியாக எதுவும் கிடைக்காது. எனவே படகில் ஏறும் முந்தின நாள் கேப்டனிடம் "நாளைக்குப் பாதை திறந்திருக்கிறதா?" என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மூடல் எந்த நாளில் தெரிய வந்தது என்பதில்தான் முழுப் பணமா, கொஞ்சம் பணமா என்பது நிற்கிறது.

இவ்வளவும் எப்போது பொருந்தும்? ஒப்பந்தத்தில் நடத்துபவர் என்று ஐரோப்பிய ஒன்றியத்தில் பதிவான நிறுவனத்தின் பெயர் இருந்தால். உங்கள் ஏஜென்ட் தன் லெட்டர்பேடில் தானே நடத்துவது மாதிரி ரசீது கொடுத்திருந்தால், அந்த ஐரோப்பிய விதியை வைத்து நீங்கள் அவரிடம் வாதாட முடியாது. எனக்கு வயிறு எரிகிற இடம் இது. படகுக்காரரிடம் முன்பணம் மட்டும் கட்டிவிட்டு, இங்கே வாடிக்கையாளரிடம் முழுத் தொகையையும் மாதக்கணக்கில் முன்னால் வாங்கி, நடுவில் அந்தப் பணத்தை வேறு எதற்கோ சுழற்றுகிற ஆட்கள் இருக்கிறார்கள். போன வருஷம் ஒரு தம்பதி பெட்டியோடு துறையில் போய் நின்றார்கள், கேப்டன் கையில் இருந்த பட்டியலில் அவர்கள் பெயர் இல்லை. மீதிப் பணம் வரவே இல்லை என்று இரண்டு மாதம் முன்பே அந்த அறையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள். அந்த அம்மா அழுதது இன்னும் என் காதில் இருக்கிறது.

இந்தத் தொழிலில் வழக்கம், முதலில் 25 சதவீதத்திலிருந்து பாதி வரை முன்பணம், மீதி கிளம்ப இரண்டு மூன்று மாதம் இருக்கும்போது. "வெள்ளிக்கிழமைக்குள் முழுசாகக் கட்டு, இல்லையென்றால் ரூம் போய்விடும்" என்று யார் சொன்னாலும், படகு நிறுவனத்துக்கு நீங்களே ஒரு மின்னஞ்சல் போட்டு எங்கள் பெயரில் அறை பிடித்திருக்கிறீர்களா, எவ்வளவு கட்டியாகிவிட்டது என்று கேளுங்கள். பிரான்சில் பயணம் விற்கும் நிறுவனங்கள் ஆத்தூ பிரான்ஸ் என்ற அரசு அமைப்பில் பதிவு செய்ய வேண்டும், பதிவு எண் ஐஎம் என்ற எழுத்துகளில் தொடங்கும், பட்டியலை இணையத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். ஏஜென்ட் டிசிஎஸ் என்று வரி பிடித்தால் அது வருமான வரித் தளத்தில் உங்கள் பான் எண்ணில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். உங்களிடம் பிடித்துக்கொண்டு கட்டாமல் விடுகிறவர்களும் உண்டு.

விசாவிலும் இதே ஆட்கள்தான். பிரான்சுக்குப் போக வேண்டிய ஷெங்கன் விசாவுக்குக் கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, விண்ணப்பத்தை வாங்கிக்கொள்ளும் விஎஃப்எஸ் நிறுவனத்தின் சேவைக் கட்டணம் தனி. நேரம் ஒதுக்கித் தருவதற்கு ஆயிரம் ஆயிரமாகக் கேட்டால் கொடுக்காதீர்கள், விசா கொடுப்பதும் மறுப்பதும் தூதரகம், அதில் யாருக்கும் கோட்டா கிடையாது. ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். தங்குமிடத்தைக் காட்டினால்தான் விசா, ஆனால் விசா கிடைக்குமா என்று தெரியாமலே தங்குமிடத்துக்குப் பணம் கட்ட வேண்டும் என்ற இந்த ஏற்பாட்டை யார் யோசித்தார்களோ, ஒவ்வொரு கோடையிலும் அறுபது வயதுக்காரர்கள் இதில் மாட்டிக்கொண்டு தவிப்பதைப் பார்க்கிறேன். அதனால் விசா மறுக்கப்பட்டால் எவ்வளவு திரும்பும் என்பதையும் எழுதி வாங்குங்கள். படகு நகர்கிற முகவரி என்பதால், எந்த ஊரில் ஏறி எந்த ஊரில் இறங்குகிறீர்கள் என்று நிறுவனம் தரும் கடிதமும் கையில் இருக்கட்டும்.

நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் உங்கள் மனைவிக்கு இதுதான் முக்கியம். சமையல் சுற்றுலா என்று விற்கப்படுவதில் பெரும்பாலானவை, நன்றாகச் சாப்பிடும் சுற்றுலா. செஃப் சமைப்பார், நீங்கள் சாப்பிடுவீர்கள், ஒருநாள் மதியம் ஒரு மணி நேரம் சுற்றி நின்று பார்ப்பீர்கள். லாக்கின் அகலத்துக்குள் அடங்க வேண்டும் என்பதால் படகே ஐந்து மீட்டர் அகலம்தான், சமையலறையில் இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் வாசலில். வகுப்பு மொத்தம் எத்தனை மணி நேரம், ஒரு தடவைக்கு எத்தனை பேர், கரண்டி யார் கையில் இருக்கும், இந்த மூன்றையும் கேளுங்கள். கை வைத்துச் செய்வதற்கும் பார்ப்பதற்கும் எவ்வளவு தூரம் என்பதைக் குஜேர் செய்யும்போது பார்த்திருக்கிறேன். குஜேர் பர்கண்டியின் சீஸ் பஃப். தண்ணீரும் வெண்ணெயும் கொதிக்கும்போது மைதாவைக் கொட்டி, மாவு பாத்திரத்தை விட்டு ஒட்டாமல் சுருண்டு வரும் வரை அடுப்பில் வைத்தே கிண்ட வேண்டும், நம் களி கிண்டுகிற மாதிரி. இறக்கி முட்டையை ஒவ்வொன்றாகச் சேர்க்கும்போது மாவு திரிந்து போனது மாதிரி துண்டு துண்டாக வழுக்கும், கெட்டுவிட்டது என்று பயந்துவிடுவோம், விடாமல் அடித்தால் மறுபடி ஒன்று சேர்ந்து பளபளக்கும். அந்த இறுக்கம் கைக்குத்தான் தெரியும்.

சைவ விஷயத்தில், "வெஜிடேரியன்" என்று ஒரு வார்த்தையோடு நிறுத்தாதீர்கள். கன்றுக்குட்டி எலும்புச் சாறும், பொடியாக நறுக்கிய பன்றி இறைச்சியும் பல சமையல்காரர்களுக்கு வெறும் சுவையூட்டி மாதிரிதான், குழம்பிலும் காளான் தொக்கிலும் தானாக விழுந்துவிடும். கோம்தே சீஸ் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னெட்டால் உறைய வைப்பது, குஜேரில் போடுவதும் பெரும்பாலும் அதுதான். அதைச் சாப்பிடுவாரா மாட்டாரா என்று மனைவியிடம் கேட்டு, கூடாதவற்றைப் பெயர் சொல்லி எழுதி, செஃப் பொருள் வாங்கும் முன்பே அனுப்புங்கள்.

நிகழ்ச்சி நிரலில் கிழமையையும் பாருங்கள். திஜோன் நகரின் பெரிய சந்தை செவ்வாய், வியாழன், வெள்ளி, சனி காலைகளில்தான். திங்கட்கிழமை செஃபோடு திஜோன் சந்தை என்று போட்டிருந்தால், அந்தத் தாளை எழுதியவர் அந்த ஊரை மிதித்ததில்லை.

வெள்ளிக்கிழமை பணம் கட்டாதீர்கள் ஐயா. அதற்குள் படகு நிறுவனத்துக்கு மின்னஞ்சல் போடுங்கள், நான்கே கேள்வி: எங்கள் பெயரில் அறை இருக்கிறதா, ஒப்பந்தத்தில் நடத்துபவர் யார், கிளம்பும் முன் கால்வாய் மூடினால் முழுப் பணம் உண்டா, வகுப்பு எத்தனை மணி நேரம். பதில் நான்குக்கும் தெளிவாக வந்தால் முன்பணத்தை மட்டும், அந்த நிறுவனத்தின் பெயருக்கே, கார்டில் கட்டுங்கள். ஏஜென்ட் அந்த மின்னஞ்சல் முகவரியைத் தர மறுத்தால் வேறு படகு தேடிக்கொள்ளலாம், ஜூனுக்கு நிறைய இருக்கிறது.