போன இடமெல்லாம் தங்கம்: கர்லிங் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில் ஏதோ ஒரு பதிலின் வாலில், "கனடாவின் தலைசிறந்த விளையாட்டு வீரர் யார் என்று கேட்டால் ஹாக்கிக்காரர் எவரையும் சொல்ல மாட்டேன், சாண்ட்ரா ஷ்மிர்லர் என்ற கர்லிங் வீராங்கனையைத்தான் சொல்வேன்" என்று எழுதிவிட்டேன். (பனித்தரையில் கல்லைச் சறுக்க விட்டு வட்டத்தின் நடுவில் நிறுத்தப் பார்க்கும் ஆட்டம்தான் கர்லிங்.) ஹாக்கி ரசிகர்கள் திட்டி எழுதியிருக்கிறார்கள். அது எதிர்பார்த்ததுதான். மற்றவர்கள் "யார் அவர்?" என்று கேட்டிருக்கிறார்கள். அதனால் இந்த முறை பக்கம் முழுவதும் அவருக்கே.

கேள்வி: யார் இந்த சாண்ட்ரா? பேரே கேள்விப்பட்டதில்லையே. (வாசகி, மிசிசாகா)

சஸ்காச்சுவன் மாகாணத்தில் பிகர் என்று ஒரு சின்ன ஊர். கோதுமை வயல்களும் ரயில் பாதையும் உள்ள ஊர். அங்கே 1963 ஜூனில் பிறந்தவர். அந்தப் பக்கத்துச் சிற்றூர்களில் குளிர்காலத்தில் ஊரே கூடும் இடங்கள் இரண்டு: ஹாக்கி அரங்கம், கர்லிங் கிளப். சாண்ட்ரா இரண்டாவது கதவைத் திறந்து உள்ளே போனார்.

படித்து முடித்து ரெஜைனா நகரத்துக்கு வந்தார். முதலில் வேறொருவர் தலைமையில் ஆடினார். 1990களின் தொடக்கத்தில் தானே ஒரு அணிக்குத் தலைவியானார். கர்லிங்கில் தலைவியை ஸ்கிப் என்பார்கள். ஜேன் பெட்கர், ஜோன் மெக்கஸ்கர், மார்சியா குடரைட் மற்ற மூவர். இந்த நான்கு பேரும் கடைசிவரை மாறவில்லை. 1993, 1994, 1997 ஆகிய மூன்று ஆண்டுகளில் கனடிய சாம்பியன் ஆனார்கள். கனடிய சாம்பியன்தான் அந்த ஆண்டு உலகப் போட்டிக்குப் போவார். அப்படி ஜெனிவா, ஜெர்மனியின் ஓபர்ஸ்டார்ஃப், பெர்ன் என்று மூன்று முறை போனார்கள், மூன்று முறையும் உலகக் கோப்பையோடு வந்தார்கள். அப்புறம் 1998 நாகானோ ஒலிம்பிக்கில் தங்கம்.

இந்த வாழ்க்கையில் என்னை மலைக்க வைப்பது இதுதான். நாட்டுக்குள் தோற்றிருக்கிறார், நிறையவே தோற்றிருக்கிறார். ஆனால் ஸ்கிப்பாக கனடா சட்டையைப் போட்டுக்கொண்டு உலகப் போட்டிக்கும் ஒலிம்பிக்குக்கும் நான்கு முறை போனார், நான்கு முறையும் தங்கம். இப்படி ஒரு கணக்கு எந்த ஆட்டத்திலும் சுலபத்தில் கிடைக்காது.

கேள்வி: ஒருவர் கல்லைத் தள்ளுகிறார், இரண்டு பேர் முன்னால் ஓடி ஓடித் தரையைப் பெருக்குகிறார்கள். இதற்கெல்லாமா ஒலிம்பிக் பதக்கம்? (வாசகர், ஸ்காபரோ)

கல் கிட்டத்தட்ட 20 கிலோ. கிரானைட். கல்லோடு காலை உதைத்துக் கிளம்பும் இடத்திலிருந்து எதிர்ப்பக்க வட்டத்தின் நடுப்புள்ளி 38 மீட்டர் தள்ளி இருக்கிறது. பனித்தரை வழவழப்பாக இருக்காது. ஆட்டத்துக்கு முன்பு நீர்த்துளிகளைத் தெளித்து உறைய வைத்து, பொடிப் பொடி மேடுகளாக ஆக்கியிருப்பார்கள். கல்லை லேசாகச் சுழற்றி விட்டால் அது வளைந்து போகும். அதன் முன்னால் பிரஷ்ஷால் அழுத்தித் தேய்த்தால் உராய்வு குறைந்து இன்னும் தூரம் போகும், வளைவும் குறையும். அதாவது கையை விட்டுப் போன கல்லையும் கொஞ்சம் ஓட்டலாம். வேறு எந்த ஆட்டத்தில் இது நடக்கும், சொல்லுங்கள்?

ஆளுக்கு இரண்டு கல், ஓர் அணிக்கு எட்டு. இரண்டு அணிகளும் பதினாறு கல்லையும் விட்டு முடித்தால் ஒரு எண்ட். அப்போது வட்டத்தின் நடுப்புள்ளிக்கு மிக அருகில் கல் வைத்திருக்கும் அணிக்குத்தான் புள்ளி: எதிரணியின் மிக நெருங்கிய கல்லைவிட அருகில் இருக்கும் ஒவ்வொரு கல்லுக்கும் ஒன்று. அப்படிப் பத்து எண்ட். எண்டின் கடைசிக் கல்லை விடும் உரிமைக்கு ஹேமர் என்று பெயர். கடைசிக் கல்லை அநேகமாக ஸ்கிப்தான் விடுவார். அந்தக் கல் சரியாகப் போகவில்லை என்றால், மற்ற மூன்று பேர் அரும்பாடுபட்டு அடுக்கி வைத்ததெல்லாம் போச்சு. ஒரு தடவை போய்ப் பாருங்கள் சார். அப்புறம் பெருக்குவதைப் பற்றிப் பேசலாம்.

கேள்வி: சாண்ட்ராவின் புகழே பிராண்டனில் அடித்த ஒரு அதிர்ஷ்ட அடியால் வந்தது என்று என் கனடியத் தோழர் சொல்கிறார். உண்மையா? (வாசகர், வின்னிபெக்)

உங்கள் தோழர் மனிடோபாக்காரராக இருப்பார். பக்கத்து மாகாணத்தான் ஜெயித்தால் அதிர்ஷ்டம்தான்!

என்ன நடந்தது என்று சொல்கிறேன். கனடாவில் ஒலிம்பிக் அணியைத் தேர்வுக்குழு உட்கார்ந்து எடுப்பதில்லை. நாட்டின் நல்ல அணிகளைக் கூட்டி ஒரு தகுதிப் போட்டி நடத்துவார்கள். ஜெயித்தவர் போகலாம், மற்றவர் வீட்டுக்குப் போகலாம். நாகானோவுக்கான அந்தப் போட்டி 1997 நவம்பரில் மனிடோபாவின் பிராண்டன் நகரில் நடந்தது. மகளிர் கர்லிங்குக்கு ஒலிம்பிக்கில் முதன்முதலாகப் பதக்கம் தரப்போகும் ஆண்டு, அதனால் எல்லோருக்கும் வெறி. சாண்ட்ராவுக்கு முதல் குழந்தை பிறந்து அப்போது மூன்று மாதம்கூட ஆகவில்லை.

இறுதிப் போட்டியில் எதிரே கால்கரியின் ஷானன் கிளைப்ரிங்க். இவர் லேசுப்பட்ட ஆள் இல்லை, பின்னால் 2006 டூரின் ஒலிம்பிக்கில் கனடாவுக்கு வெண்கலம் வாங்கித் தந்தவர். ஏழாவது எண்டில் சாண்ட்ராவின் கடைசிக் கல். எதிரணியின் கல் வட்டத்தின் உள்ளே நன்றாக உட்கார்ந்திருக்கிறது. ஓரத்தில் ஒரு கல் தனியாக நிற்கிறது. அந்த ஓரக் கல்லில் பட்டு, கோணம் மாறி, உள்ளே பாய்ந்து, எதிரணிக் கல்லைத் தூக்கி எறிய வேண்டும். இதற்கு இன்-ஆஃப் என்று பெயர். கேரம் ஆடியவர்களுக்குச் சட்டென்று புரியும்: ஓரத்துக் காயில் ஸ்ட்ரைக்கரை உரசி, நடுவில் இருக்கும் காயை எடுப்பது. கேரமில் ஒரு முழ தூரம், இங்கே 38 மீட்டர், அதுவும் வளைந்து போகும் கல்.

சாண்ட்ரா விட்டார். பட்டது, திரும்பியது, எதிரணிக் கல் வெளியே. ஒரே அடியில் மூன்று புள்ளி. ஆட்டம் அங்கேயே சாய்ந்துவிட்டது.

அதிர்ஷ்டம் இருந்ததா என்றால், கொஞ்சம் இருந்திருக்கும். இன்-ஆஃப்பில் ஓரிரு சென்டிமீட்டர் தவறினால்கூடக் காரியம் கெட்டுவிடும். ஆனால் அதிர்ஷ்டம் எதை முடிவு செய்யவில்லை என்று பாருங்கள். அந்த அடியை அடிக்கலாம் என்று முடிவு செய்தது அதிர்ஷ்டம் இல்லை. ஸ்கிப் கல் விடும்போது வட்டத்துக்குள் நின்று குறி காட்டுபவர் மூன்றாவது ஆட்டக்காரர், அதாவது ஜேன் பெட்கர். முன்னால் பிரஷ்ஷோடு ஓடுபவர்கள் ஜோனும் மார்சியாவும். கல் போகும் வேகத்தை அவர்கள் கண்ணால் எடை போட்டுச் சொல்ல வேண்டும், போகும் கோட்டை ஜேன் பார்த்துக் கத்த வேண்டும், தேய்ப்பதா விடுவதா என்பது கல் ஓடும் அந்தச் சில நொடிகளுக்குள் முடிவாக வேண்டும். வருடக்கணக்காகச் சேர்ந்து ஆடிய நால்வருக்கு அது பேச்சே இல்லாமல் நடக்கும். கூலிக்குச் சேர்த்த நட்சத்திர அணிக்கு நடக்காது. அந்த அடியை நான் அணியின் அடி என்றுதான் சொல்வேன். புகைப்படத்தில் விழுந்தது சாண்ட்ரா, அவ்வளவுதான்.

இன்னொன்று. அந்த ஒரு அடியால் மட்டுமே புகழ் என்றால், அதற்கு முன்பே வாங்கிய மூன்று உலகப் பட்டங்களை என்ன செய்வது? உங்கள் தோழரிடம் கேளுங்கள்.

கேள்வி: இவர்கள் முழுநேர வீராங்கனைகளா? பிழைப்புக்கு என்ன செய்தார்கள்? (வாசகி, எட்மன்டன்)

நால்வரும் வேலைக்குப் போனவர்கள். சாண்ட்ரா ரெஜைனா நகராட்சியின் பொழுதுபோக்கு மையம் ஒன்றில் வேலை பார்த்தார், நீச்சல்குளம் உள்ள மையம். இப்போது அந்த மையத்துக்கே அவர் பெயர். ஜோன் ஆசிரியை, மார்சியா கணினித் துறை. வேலை முடிந்தபின் கலிடோனியன் கிளப்பில் பயிற்சி. அவர்களுக்குப் பெரிய சவாலாக இருந்த ஸ்வீடன் ஸ்கிப் எலிசபெத் குஸ்தாவ்சன் யார் தெரியுமா? அறுவைச் சிகிச்சை மருத்துவர்!

நாகானோவில் அரையிறுதியில் பிரிட்டனை 6-5 என்று கூடுதல் எண்ட் வரை போய்த்தான் வென்றார்கள். இறுதியில் டென்மார்க்கை 7-5. தோற்ற டென்மார்க்குக்கும் கொண்டாட்டம்தான், குளிர்கால ஒலிம்பிக்கில் அந்த நாடு வாங்கிய முதல் பதக்கமே அந்த வெள்ளி. திரும்பி வந்த அதே மாதம், அவர்கள் வாழ்ந்த ரெஜைனாவிலேயே கனடிய சாம்பியன்ஷிப். ஓய்வெடுக்க நேரம் இல்லை. பட்டம் கிடைக்கவில்லை. அதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது!

கேள்வி: ஜெனிஃபர் ஜோன்ஸ் ஆறு முறை கனடிய சாம்பியன். ஒலிம்பிக்கில் ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் தங்கம். அவரை விட்டுவிட்டு சாண்ட்ராவா? கொஞ்சம் ஓரவஞ்சனை தெரிகிறதே. (வாசகர், வின்னிபெக், இவர் வேறு)

வின்னிபெக்கிலிருந்து இந்தக் கேள்வி வராவிட்டால்தான் கவலைப்பட்டிருப்பேன். ஜோன்ஸ் உங்கள் ஊர்ப் பெண் ஆயிற்றே.

நீங்கள் சொன்ன கணக்கு சரி. 2005 முதல் 2018 வரை ஆறு கனடியப் பட்டங்கள், 2008, 2018 உலகப் பட்டங்கள், 2014 சோச்சியில் பதினொரு ஆட்டமும் வெற்றி. 2005 இறுதிப் போட்டியில், செயின்ட் ஜான்ஸ் நகரில், பின்தங்கியிருந்தபோது கடைசிக் கல்லில் நான்கு புள்ளி எடுத்து வென்றாரே, அதுவும் ஓர் இன்-ஆஃப்தான். அடியாக மட்டும் பார்த்தால் பிராண்டன் அடியைவிடக் கடினம் என்றே சொல்வேன். வழக்கறிஞராக வேலை பார்த்தபடி ஆடியவர் வேறு. 2024-இல் ஓய்வை அறிவித்துவிட்டு ஆடிய கடைசி கனடிய சாம்பியன்ஷிப்பிலும் இறுதிப் போட்டி வரை வந்து, ரேச்சல் ஹோமனிடம்தான் தோற்றார்.

நீண்ட காலம் உச்சத்தில் இருந்தவர் யார் என்று கேட்டால் ஜோன்ஸ். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ஆறு முறை உலகப் போட்டிக்குப் போன ஜோன்ஸுக்கு இரண்டு முறைதான் தங்கம் கிடைத்தது. பெரிய ஆட்டம் ஒன்று, கடைசிக் கல், யார் கையில் கொடுப்பீர்கள் என்று கேட்டால் நான் சாண்ட்ரா கையில் கொடுப்பேன். என் பக்கம், என் ஓட்டு.

கேள்வி: இவ்வளவு சிறந்தவர் 1998-க்குப் பிறகு ஏன் காணாமல் போனார்? (வாசகி, மார்க்கம்)

காணாமல் போகவில்லை அம்மா, இறந்துவிட்டார்.

1999 ஜூனில் இரண்டாவது பெண் பிறந்தாள். அதன் பிறகு முதுகு வலி, உடம்பு சரியில்லை. பரிசோதித்ததில் இதயத்துக்குப் பின்னால் கட்டி, புற்றுநோய். அறுவைச் சிகிச்சை, கீமோதெரபி எல்லாம் நடந்தது. 2000 பிப்ரவரியில், அந்த நிலையிலும் மங்க்டன் நகரில் நடந்த ஜூனியர் சாம்பியன்ஷிப்புக்குத் தொலைக்காட்சி வர்ணனையாளராகப் போனார். பத்திரிகையாளர்களிடம் தன் நோயைப் பற்றிப் பேசியதும் அங்கேதான். மார்ச் 2 அன்று ரெஜைனாவில் காலமானார். வயது 36.

அப்போது நான் ரெஜைனாவில்தான் வேலையில் இருந்தேன். இறுதிச் சடங்கைத் தொலைக்காட்சியில் நாடு முழுவதும் நேரடியாகக் காட்டினார்கள். ஒரு கர்லிங் வீராங்கனைக்கு! சஸ்கட்டூனில் ஆண்களின் தேசியப் போட்டி நடந்துகொண்டிருந்தது, அங்கேயும் அரங்கத்துத் திரையில் காட்டினார்கள். எங்கள் அலுவலகத்தில் சாப்பாட்டு அறைத் தொலைக்காட்சி முன்னால் எல்லோரும் நின்றுகொண்டிருந்தோம். வேலையைப் பாருங்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை. மேலாளரே எங்களுக்கு முன்னால் நின்றிருந்தார்.

அவர் பெயரில் ஓர் அறக்கட்டளை இருக்கிறது. குறைமாதக் குழந்தைகளையும் பிறந்தவுடன் உயிருக்குப் போராடும் குழந்தைகளையும் கவனிக்கும் மருத்துவமனைப் பிரிவுகளுக்கு உபகரணங்கள் வாங்கப் பணம் தருகிறார்கள். தேசிய மகளிர் போட்டியின் பிளேஆஃப் சுற்றில் சிறப்பாக ஆடுபவருக்குத் தரும் விருதுக்கும் சாண்ட்ராவின் பெயர்தான்.

கேள்வி: எனக்கு ஐம்பத்தெட்டு வயது, முட்டி வலி உண்டு. நான் கர்லிங் ஆட முடியுமா? சிரிக்க வேண்டாம். (வாசகர், பிராம்ப்டன்)

ஏன் சிரிக்க வேண்டும்? உங்களைப் போன்றவர்களுக்கென்றே குச்சி இருக்கிறது. குனிந்து, சறுக்கிக்கொண்டே கல் விட முடியாதவர்கள், கல்லின் கைப்பிடியில் மாட்டும் நீளக் கம்பு ஒன்றை வைத்துக்கொண்டு நின்றபடியே நடந்து தள்ளலாம். கிளப் ஆட்டங்களில் வயதானவர்கள் பலர் அப்படித்தான் ஆடுகிறார்கள். யாரும் ஒரு மாதிரி பார்க்க மாட்டார்கள்.

புதியவர்களுக்கென்று வகுப்பு நடத்தும் கிளப்பாகப் பார்த்துச் சேருங்கள். பிரஷ், காலணியில் மாட்டும் சறுக்குத் தகடு எல்லாம் பெரும்பாலும் அவர்களே தருவார்கள். வெளியே போட்டு நடந்த காலணியோடு பனியில் கால் வைக்காதீர்கள், ஒரு மணல் துகள் போதும் கல்லின் போக்கைக் கெடுக்க. இதற்கு மட்டும் திட்டு விழும். தலைக்கு ஹெல்மெட் போட்டுக்கொள்ளுங்கள், வெட்கப்பட வேண்டாம். முட்டிக்கு என்ன செய்யலாம், என்ன கூடாது என்று உங்கள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

ஆட்டம் முடிந்ததும் எல்லோரும் கை குலுக்கி, ஒரே மேசையில் உட்காருவார்கள். வென்றவர்கள் தோற்றவர்களுக்கு முதல் சுற்றுப் பானம் வாங்கித் தருவது வழக்கம். குடிக்காதவர் என்றால் காபி கேட்கலாம். பருவம் அக்டோபர் வாக்கில் தொடங்கும், ஆகவே ஆகஸ்டிலேயே கிளப்புக்குப் போன் போட்டு விசாரியுங்கள். மாலை நேர லீக்குகளில் இடம் சீக்கிரம் நிரம்பிவிடும்.