ஆடிப் பட்டத்தில் பார்ஸ்லி வருமா?

கேள்வி: பள்ளத்தூரில் இருக்கிறேன். மகள் வீட்டார் பொங்கலுக்குத் துபாயிலிருந்து வருகிறார்கள். பேரப்பிள்ளைகளுக்கு அங்கே சாப்பிட்டுப் பழகிய தபூலே (பார்ஸ்லி இலையில் செய்யும் அரபு சாலட்) வேண்டுமாம். அதற்குப் பார்ஸ்லி கட்டுக்கட்டாக வேண்டும். காரைக்குடியில் எப்போதாவதுதான் கிடைக்கிறது, அதுவும் வாடிப்போய். சித்திரையில் விதை போட்டேன், ஒன்றுகூட முளைக்கவில்லை. ஆடியில் மறுபடி போட்டதில் நாலே நாலு செடி வந்திருக்கிறது; அதிலும் இலை நுனி கருகுகிறது. போன தடவை மகள் கொண்டுவந்த கட்டை மொட்டை மாடியில் காயவைத்தேன், வைக்கோலாகிவிட்டது. எங்கே தப்பு? நிறைய வந்தால் கானாடுகாத்தான் ஹோட்டல்களுக்குக் கொடுக்கலாமா?

பதில்: ஆச்சி, கொத்தமல்லிக்குச் செய்வதையெல்லாம் பார்ஸ்லிக்கும் செய்திருக்கிறீர்கள். இரண்டும் ஒரே குடும்பம், இலையும் பார்க்க ஒன்றுபோலத்தான். ஆனால் கொத்தமல்லி பத்துப் பன்னிரண்டு நாளில் முளைத்து, நாற்பது நாளில் வேரோடு பிடுங்கக் கைக்கு வந்துவிடும். பார்ஸ்லி முளைக்கவே 3 முதல் 4 வாரம் ஆகும். இலை பறிக்க இன்னும் இரண்டு மாதம். அதன்பிறகு மாதக்கணக்கில் பறித்துக்கொண்டே இருக்கலாம். பொறுமை இல்லாமல் 15 நாளில் தொட்டியைக் கிளறிப் பார்ப்பவர்கள்தான் ‘விதை சரியில்லை’ என்பார்கள்.

உங்கள் விதை சித்திரையில் முளைக்காததற்கு வெயில்தான் காரணம். மண் 20 முதல் 25 டிகிரி வரை இருந்தால் இந்த விதைக்குச் சுகம்; 30-ஐத் தாண்டினால் முளைப்பு சரிந்துவிடும். ‘ஆடிப் பட்டம் தேடி விதை’ என்ற பழமொழியை இதற்குப் பொருத்தாதீர்கள். அது மானாவாரிக்குச் சொன்னது. பார்ஸ்லிக்கு நம் பக்கத்தில் ஒரே பட்டம்தான்: புரட்டாசியில் விதைத்து, ஐப்பசி, கார்த்திகை மழையில் வளர்த்து, மார்கழியிலிருந்து பங்குனி வரை பறிப்பது. பொங்கலுக்கு இலை வேண்டுமென்றால் புரட்டாசி பாதிக்குள் விதை மண்ணுக்குள் போயிருக்க வேண்டும். இன்னும் நாள் இருக்கிறது.

விதை வாங்கும்போது பொட்டலத்தில் பேக் செய்த தேதியைப் பாருங்கள். பழைய விதையில் முளைப்புத் திறன் வேகமாகக் குறையும். சுருட்டை இலை, தட்டை இலை என்று இரண்டு வகை உண்டு. தபூலேக்குத் தட்டை இலையே தோது; மணமும் கூடுதல், நம் வெயிலையும் கொஞ்சம் அதிகமாகத் தாங்கும். மல்லியைப்போல விதையைத் தேய்த்து உடைக்க வேண்டாம். மல்லியில் ஒரு காய்க்குள் இரண்டு விதை இருப்பதால் உடைக்கிறோம், பார்ஸ்லி விதையோ ஓமம் அளவுதான். இளஞ்சூடான தண்ணீரில் ஒரு இரவு ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு விதையுங்கள். அரை சென்டிமீட்டர் ஆழம் போதும். மேலே ஈரச் சாக்கை மூடி, முளை தெரிந்த அன்றே எடுத்துவிடுங்கள். ஒருநாள் தாமதித்தாலும் நாற்று வெளிறி நீண்டுவிடும்.

வேர் கேரட்டைப்போல நேராகக் கீழே இறங்கும். அதனால் பிடுங்கி நடுவதை இது விரும்பாது. வளர்க்கப்போகும் தொட்டியிலேயே நேரடியாக விதையுங்கள். ஓர் அடி ஆழமுள்ள தொட்டிக்கு 3 செடி. தொட்டியின் அடித் துளைமேல் ஓட்டுச் சில்லு போட்டு, செம்மண் 2 பங்கு, மட்கிய தொழுவுரமோ மண்புழு உரமோ 1 பங்கு, தேங்காய் நார்க் கழிவு 1 பங்கு கலந்து நிரப்புங்கள். நார்க் கழிவை இரண்டு மூன்று தண்ணீரில் அலசிப் பிழிந்தே சேர்க்க வேண்டும், அதில் உப்பு இருக்கும். நாற்று அழுகாமலிருக்கத் தொட்டிக்கு ஒரு தேக்கரண்டி டிரைக்கோடெர்மா விரிடி (அழுகல் நோயைத் தடுக்கும் நன்மை செய்யும் பூஞ்சை) கலந்துவிடுங்கள்.

இலை நுனி கருகுவதற்கு வெயிலோடு தண்ணீரும் காரணமாக இருக்கலாம். ஊற்றுவது போர் தண்ணீரா? தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் படிகிறதா? படிந்தால் உப்புதான். குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையத்தில் தண்ணீர் மாதிரி கொடுத்துக் கேட்டுப் பாருங்கள். அதுவரை குடிக்கிற நல்ல தண்ணீரையே ஊற்றுங்கள். மழை தொடங்கியதும் கவலையில்லை. ஓட்டிலிருந்து வளவு முற்றத்தில் விழுவதை அண்டாவில் பிடிக்கிற வழக்கம் உங்கள் வீடுகளில் புதிதா என்ன! முதல் மழையில் ஓட்டுத் தூசி வரும், அதை மட்டும் விட்டுவிடுங்கள். உப்பு ஏறிய தொட்டிக்கு நல்ல தண்ணீரை அடித்துளை வழியே வழிந்து ஓடும்படி ஊற்றினால் உப்பு இறங்கிவிடும். பிழைத்திருக்கும் நாலு செடிக்கும் அதைச் செய்து, மதிய வெயில் படாத இடத்துக்கு நகர்த்துங்கள்.

இடம் என்று பார்த்தால் மொட்டை மாடியைவிட முற்றமே மேல். நாளைக்கு 4, 5 மணி நேர வெயில் வேண்டும். மார்கழி, தையில் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் முற்றத்தின் தென்பாதி தாழ்வார நிழலில் கிடக்கும். தொட்டிகளை வடக்கு ஓரமாக வையுங்கள். மாசி பிறந்ததும் பிற்பகல் நிழல் விழும் பக்கத்துக்கு மாற்றிவிடுங்கள்.

மூன்று வாரத்துக்கு ஒருமுறை தொட்டிக்கு ஒரு கைப்பிடி மண்புழு உரம் போதும். பஞ்சகவ்யா, ஜீவாமிர்தம் எல்லாம் நல்லவைதான், ஆனால் சாணமும் கோமியமும் சேர்ந்தவை. பச்சையாகத் தின்கிற இலைமேல் தெளிக்க நான் சொல்லமாட்டேன். அசுவினிப் பூச்சி வந்தால் முதலில் தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள். போகாவிட்டால் லிட்டருக்கு 3 மில்லி வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலோடு கலந்து அடித்து, ஒரு வாரம் பறிக்காமல் விடுங்கள்.

பறிப்பதில்தான் பலர் செடியைக் கெடுப்பது. நடுவில் இருக்கும் குருத்தைத் தொடாமல், வெளிச்சுற்றில் முற்றிய தண்டுகளை மண்ணை ஒட்டிக் கத்தரியுங்கள். மேல் இலையை மட்டும் கிள்ளினால் மொட்டைத் தண்டு நின்று அழுகும். ஒரு தடவைக்கு மூன்றில் ஒரு பங்குக்குமேல் எடுக்காதீர்கள். தபூலேயில் கோதுமை ரவை பேருக்குத்தான், பார்ஸ்லிதான் சாப்பாடே. எனவே நாலு செடி மேலே தூவத்தான் ஆகும். குடும்பத்துக்கு 12 செடியாவது வேண்டும். வீட்டில் யாராவது இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிட்டால், இந்த அளவு பார்ஸ்லிக்கு முன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். இதில் வைட்டமின் கே அதிகம்.

பறித்ததைக் கழுவாமல், தண்டு மட்டும் நனையும்படி ஒரு டம்ளர் தண்ணீரில் நிறுத்தி, பாலித்தீன் பையைத் தளர்வாகக் கவிழ்த்து ஃப்ரிட்ஜில் வைத்தால் ஒரு வாரத்துக்குக் குறையாமல் இருக்கும். இரண்டு நாளைக்கு ஒருமுறை தண்ணீர் மாற்ற வேண்டும்.

வற்றல் போடுகிற கை சும்மா இருக்காதுதான், ஆனால் இந்த இலையை மாடிக்கு ஏற்றாதீர்கள். இதன் மணம் வெயிலில் பறந்துவிடும். நிழலில் உலர்த்தினாலும் பாதிதான் மிஞ்சும். பங்குனியில் வெயில் ஏறும்முன் இருப்பதையெல்லாம் அறுத்து, கழுவித் துணியில் ஈரம் போக உலர்த்தி, பையில் இறுக்கமாகச் சுருட்டி ஃப்ரீசரில் போடுங்கள். வேண்டும்போது கத்தியால் சீவிக்கொள்ளலாம். பொடியாக நறுக்கி, எண்ணெய் விட்டு ஐஸ் தட்டில் உறையவைப்பதும் ஒரு வழி. நாலைந்து மாதம் தாங்கும். சூப்புக்கும் ஆம்லெட்டுக்கும் இது போதும். தபூலேக்குப் பச்சை இலைதான். எண்ணெயில் ஊறிய இலையை வெளியே அலமாரியில் மட்டும் வைத்துவிடாதீர்கள். காற்றுப் புகாத எண்ணெய்க்குள் விஷக் கிருமி வளரும்.

விதைக்குச் செடி விடலாம் என்று நினைக்க வேண்டாம். இது ஈராண்டுச் செடி. நல்ல குளிரைக் கடந்தால்தான் ஒழுங்காகப் பூக்கும். அந்தக் குளிர் நம் ஊரில் கிடையாது. வருடாவருடம் புது விதைதான்.

ஹோட்டலுக்குக் கொடுப்பது பற்றிக் கேட்டீர்கள். வெளிநாட்டு விருந்தாளிகள் வரும் மாதங்களும் பார்ஸ்லி விளையும் மாதங்களும் பெரும்பாலும் ஒன்றாக வருவது உங்களுக்குச் சாதகம். ஆனால் சமையல்காரருக்கு வாராவாரம் தவறாமல் ஒரே அளவு வேண்டும். இந்தப் பொங்கலுக்கு 12 செடி எவ்வளவு தருகிறது என்று எடை போட்டுக் குறித்துவையுங்கள். அந்தக் கணக்கோடு போய், வாரம் எத்தனை கிலோ எடுப்பார்கள் என்று கேட்டுவிட்டு, அடுத்த புரட்டாசியில் தொட்டிகளைக் கூட்டலாம்.